தானாக விழித்துக்கொள்ளும் மானிட்டர்: அறிகுறியைக் கொண்டு பிழையைப் பிடிக்கும் வழிமுறை

இராமநாதபுரம் கடற்கரையோர ஊர்களில் கணினி பழுது பார்ப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் முறையீடு ஒன்று உண்டு. அணைந்து ஸ்டேண்ட்பையில் கிடக்க வேண்டிய மானிட்டர் யாரும் தொடாமலே ஒளிர்கிறது, சற்று நேரத்தில் இருள்கிறது, மறுபடியும் ஒளிர்கிறது என்பார்கள். மண்டபத்து மீன் கம்பெனி அலுவலகமோ, தங்கச்சிமடத்து இ-சேவை மையமோ, இராமேசுவரத்து விடுதியின் வரவேற்பு மேசையோ, கீழக்கரையில் பிள்ளைகள் படிக்கும் அறையோ, இடம் எதுவானாலும் சொல்பவர் முறையீட்டோடு தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுவார்: "உப்புக் காத்துதாண்ணே, உள்ளே எல்லாத்தையும் அரிச்சிருச்சு."

அந்தத் தீர்ப்பு பல சமயங்களில் தவறாகவே இருந்திருக்கிறது. உப்புக் காற்றின் கேடு பொய்யல்ல. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் அரிப்பைத் தாங்கும் சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டன. ஆனால் ஒரு மானிட்டரில் உப்பு முதலில் வேலையைக் காட்டும் இடங்கள் சிலவே: பொத்தான்கள், கேபிள் முனைகள், பிளக். அவற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, மவுஸிலும் அமைப்புகளிலும் முடிந்துபோகும் பிழைகள் ஏராளம். ஆகவே செலவில்லாததை முதலிலும் செலவு பிடிப்பதைக் கடைசியிலும் வைத்து, இந்த வரிசையிலேயே பார்ப்பது நல்லது.

## எல்லாவற்றுக்கும் முன்: விழிப்பது கணினியா, மானிட்டரா?

மானிட்டர் தானாக ஒளிரும்போது சிபியுவைக் கவனியுங்கள். உறக்கநிலையில் இருந்த கணினியின் மின்விசிறி அதே கணத்தில் சுழலத் தொடங்கினால், விழித்தது கணினி. மானிட்டர் அதைப் பின்தொடர்கிறது, அவ்வளவுதான். கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்து, திரை மட்டும் இருண்டிருந்து ஒளிர்ந்தால் அது வேறு கிளை. கணினி அசையாமல் உறங்க, மானிட்டர் மட்டும் விழித்தால் மூன்றாவது கிளை.

இது தெளிவாகவில்லை என்றால், மானிட்டரின் பின்புறத்தில் உள்ள படக் கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் கேபிளை மட்டும் விட்டுவைத்து அரை மணி நேரம் பாருங்கள். கேபிளைச் சிபியு பக்கம் கழற்றக் கூடாது, மானிட்டர் பக்கமே கழற்ற வேண்டும். ஒரு முனை மானிட்டரில் செருகியபடி மறு முனை காற்றில் தொங்கினால், அந்தக் கேபிளே சில மானிட்டர்களைக் குழப்பிவிடும். கழற்றியதும் 'கேபிள் இணைக்கப்படவில்லை' என்ற பொருளில் ஒரு பெட்டி திரையில் சிறிது நேரம் மிதந்துவிட்டு அணைவது இயல்பு. அதன் பிறகு மானிட்டர் அமைதியாக உறங்கினால் பிழை கணினியிலோ கேபிளிலோ இருக்கிறது. கேபிள் இல்லாமலும் விழித்தால் பிழை மானிட்டருக்குள் இருக்கிறது, அல்லது அதற்கு வரும் கரண்டில் இருக்கிறது. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் திருப்புளியைக் கையில் எடுப்பதில்லை.

பழைய விஜிஏ கேபிள் என்றால் இங்கே ஓர் எச்சரிக்கை. அதன் இரு பக்கத் திருகுகளும் நம் கரையில் இரண்டு மழைக்காலம் கண்டால் துருவேறி இறுகிவிடும். விரலால் திருப்பினால் திருகு மட்டும் வராது. மானிட்டர் பக்கத்தில் அது அமரும் அறுகோண நட்டும் சேர்ந்து கழன்று வரும். வலுவாக இழுத்தால் உள்ளே பலகையில் உள்ள பற்றவைப்பு விட்டுப்போகும். ஒரு சிறு குறடால் நட்டைப் பிடித்துக்கொண்டு திருகை மட்டும் தளர்த்துங்கள்.

## அறிகுறி 1: கணினியும் சேர்ந்து விழிக்கிறது

முதல் சந்தேகம் மவுஸ். அதை எடுத்து, வயிறு மேலே தெரியும்படி கவிழ்த்து வையுங்கள். அல்லது யுஎஸ்பி முனையைப் பிடுங்கிவிட்டு ஓர் இரவு விடுங்கள். அதோடு தொல்லை நின்றால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. கண்ணாடி பதித்த மேசை, பளபளப்பான மைக்கா, அதிர்வு ஆகிய மூன்றும் ஒளியால் இயங்கும் மவுஸை ஏமாற்றி, அது நகர்ந்ததாகக் கணினியிடம் சொல்லவைக்கும். மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் மானிட்டர் பகலில் பத்துப் பன்னிரண்டு முறை விழித்தது. நான் போய் உட்கார்ந்திருந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது; மேசைமேல் இருந்த தேநீர்க் குவளையில் வளையம் வளையமாக அலை எழுந்தது; திரை ஒளிர்ந்தது. மேசையைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டு, மவுஸுக்கு அடியில் ஒரு துணிப் பட்டையை வைத்ததோடு என் வேலை முடிந்தது. மேசை விசிறியின் காற்றில் மவுஸ் கம்பி ஊசலாடினாலும் இதே கதைதான்.

மவுஸ்தான் என்று உறுதியானால் அதை மாற்ற வேண்டியதில்லை. விழிக்கவைக்கும் உரிமையை மட்டும் அதனிடமிருந்து எடுத்துவிடலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மவுஸின் ப்ராப்பர்ட்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற பக்கத்துக்குப் போய், இந்தச் சாதனம் கணினியை எழுப்பலாம் என்று அனுமதிக்கும் வரிக்கு முன்னுள்ள குறியை நீக்குங்கள். கீபோர்டுக்கு அந்தக் குறியை அப்படியே விட்டுவைத்தால், வேண்டியபோது ஒரு விசையைத் தட்டி எழுப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது கீபோர்டு. அமுங்கிய விசை எழும்பாமல் பாதியில் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஸ்பேஸ், என்டர் ஆகிய பெரிய விசைகளின் அடியில் உப்பும் தின்பண்டத் தூளும் சேர்ந்து கட்டியாகும். கவிழ்த்துத் தட்டியும் சரியாகாவிட்டால் சில நூறு ரூபாய்க்குப் புதிய கீபோர்டு வாங்குவதே மேல். அதைப் பிரித்துக் கழுவி உலர்த்தும் உழைப்புக்கு அது தகுந்த பொருளல்ல.

மவுஸும் கீபோர்டும் குற்றமற்றவை என்றால் நேரத்தைக் கவனியுங்கள். தினமும் நள்ளிரவில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழிக்கிறது என்றால் அது வன்பொருள் பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அப்டேட் போன்ற, முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த ஏதோ ஒரு வேலை எழுப்புகிறது. பவர் ஆப்ஷன்ஸின் விரிவான அமைப்புகளில் 'ஸ்லீப்' பகுதியில் 'வேக் டைமர்ஸ்' என்பதை நிறுத்திவிடுங்கள். நேரம் ஒழுங்கில்லாமல், நெட்வொர்க் கேபிள் செருகியிருக்கும் போது மட்டும் விழித்தால், டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டுக்கும் மவுஸுக்குச் செய்ததையே செய்யுங்கள்.

யார் எழுப்பினார் என்று கணினியையே கேட்கவும் வழி உண்டு. ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் பதிவுகளுக்குள் 'சிஸ்டம்' பகுதியில் 'பவர்-டிரபிள்ஷூட்டர்' என்ற பெயரில் உள்ள பதிவைத் திறந்தால், உறங்கிய நேரம், விழித்த நேரம், எழுப்பியவர் பெயர் மூன்றும் இருக்கும். பெயருக்குப் பதிலாக 'அன்நோன்' என்று மட்டும் இருந்தால் சோர்ந்துவிடாமல், யுஎஸ்பியில் செருகியுள்ளவற்றை நாளுக்கு ஒன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

கரண்ட் போய் வந்ததும் கணினி முதலிலிருந்து முழுமையாகத் தொடங்கினால் அது விழிப்பு அல்ல. விண்டோஸுக்கும் முன்பே கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கு என்று வைத்திருப்பார்கள். அதை மாற்றினால் போதும்.

## அறிகுறி 2: கணினி ஓடுகிறது, இருண்ட திரை மட்டும் ஒளிர்கிறது

இங்கும் மவுஸ் சோதனையே முதல். அது தேறிவிட்டால் யுஎஸ்பி முனைகளில் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இ-சேவை மையங்களில் கைரேகைக் கருவியை நாள் முழுதும் ஒவ்வொருவர் பக்கமும் இழுத்துத் திருப்புவதால் அதன் முனை லொடலொடத்துப்போய், இணைப்பு விட்டுவிட்டு ஒட்டும். சாதனம் இணையும்போது கணினி எழுப்பும் ஒலி திரை ஒளிரும் நேரத்தோடு பொருந்தினால் குற்றவாளி அகப்பட்டது. வேறு துளையில் செருகிப் பாருங்கள். இந்த அறிகுறிக்கு மெக்கானிக்கை அழைக்க வேண்டிய தேவை அநேகமாக வராது.

## அறிகுறி 3: 'நோ சிக்னல்' என்று வந்து வந்து போகிறது

கணினி உறங்குகிறது, மானிட்டர் மட்டும் ஒளிர்ந்து, சிக்னல் இல்லை என்று காட்டி, அணைந்து, சில நிமிடங்களில் மறுபடி அதையே செய்கிறது. மிக எளிய காரணம், மானிட்டரே தன் துளைகளில் எதிலாவது படம் வருகிறதா என்று தேடிக்கொண்டிருப்பது. அதன் மெனுவில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' பகுதிக்குப் போய், 'ஆட்டோ' என்பதை மாற்றி, நீங்கள் பயன்படுத்தும் துளையை மட்டும் தேர்ந்தெடுங்கள். பின்னால் வேறு கேபிள் எதுவும் மறுமுனை சும்மா தொங்கியபடி செருகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் என்ற வகைப் படத் துளை உள்ள மானிட்டர்களில் 'டீப் ஸ்லீப்' என்றொரு அமைப்பு இருக்கும். அதை இருக்கும் நிலையிலிருந்து எதிர் நிலைக்கு மாற்றி ஓர் இரவு பாருங்கள்.

அமைப்புகளில் தீராவிட்டால் கேபிள். எச்டிஎம்ஐ முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொன்னிறத் தகடுகள் 19 இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டு கறுத்திருந்தால், அல்லது ஓரத்தில் பித்தளைப் பாத்திரத்தில் பிடிப்பது போன்ற பச்சைக் களிம்பு தெரிந்தால், அந்த முனை விட்டுவிட்டுத் தொடுகிறது என்று பொருள். மானிட்டர் செருகப்பட்டதைக் கணினிக்குச் சொல்வதற்கென்றே அந்த 19இல் ஒரு தகடு இருக்கிறது. அது விட்டு ஒட்டினால் கேபிளை யாரோ பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவது போலவே கணினிக்குத் தோன்றும். பஞ்சு சுற்றிய குச்சியில் ஐஸோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்துப் பார்க்கலாம். படகு எஞ்சினுக்குத் துரு விட அடிக்கும் எண்ணெயை இதில் அடிக்க வேண்டாம். அது படியவிட்டுப் போகும் பிசுக்கில் மணலும் உப்பும் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். எப்படியும் களிம்பு பிடித்த கேபிள் அதிக நாள் உழைக்காது. பக்கத்துக் கணினியின் கேபிளை ஒரு நாள் மாற்றிப் போட்டு உறுதி செய்துகொண்டு, புதியது வாங்குங்கள்.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் மட்டும் விலை மலிவைப் பார்க்காதீர்கள். தரக் குறைவான சில கேபிள்களில், இரு முனைகளுக்கும் இடையே இணைக்கக் கூடாத 20ஆவது கம்பியை இணைத்துவிடுகிறார்கள். அது 3.3 வோல்ட் மின்சாரம் வரும் ஊசி. அதன் வழியாக ஒரு கருவியின் மின்சாரம் இன்னொன்றுக்குள் ஏறும்போது விழிப்பும் உறக்கமும் தாறுமாறாகும்.

எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் சிறு அடாப்டர் இடையில் இருந்தால், முடிந்தவரை அதைத் தவிர்த்து நேர் கேபிளுக்கு மாறுங்கள். கணினி உறங்கிய பின்னும் எதையோ அனுப்பிக்கொண்டிருந்த அடாப்டர்களை எத்தனையோ மேசைகளிலிருந்து நான் கழற்றிப் போட்டிருக்கிறேன்.

## அறிகுறி 4: கேபிளே இல்லை, ஆனாலும் ஒளிர்கிறது, மெனு தானாக விரிகிறது

உப்புக் காற்றின் மேல் பழி போடத் தகுந்த இடம் இதுதான். யாரும் தொடாமல் ஒலி அளவுக் கோடு தோன்றுவது, வெளிச்சம் கூடிக் குறைவது, மெனு விரிந்து மொழி மாறுவது, மானிட்டர் அணைந்து ஒளிர்வது ஆகிய எல்லாம் பொத்தான் பலகையின் கோளாறுகள். மானிட்டரின் கீழ் விளிம்பில், பொத்தான்களுக்குப் பின்னால், விரல் அகலத்தில் ஒரு சிறு பலகை இருக்கிறது. அது திறந்த இடைவெளிக்கு மிக அருகில் இருப்பதால் காற்றில் வரும் உப்பு முதலில் அங்கேதான் படிகிறது. படிந்த உப்பு பகலில் காய்ந்து சும்மா இருக்கும். இரவின் ஈரத்தை உறிஞ்சியதும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, பொத்தானை யாரோ அழுத்தியது போன்ற நிலையை உண்டாக்கும். அதனால்தான் பகலில் ஒழுங்காக இருந்த மானிட்டர் பின்னிரவில் கூத்தாடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொல்லை உச்சத்துக்குப் போகிறது. குளிரூட்டிய அறையில் ஒரு வாரம் ஒழுங்காக இருந்து, "இதில் ஒன்றும் இல்லை" என்று மதுரைக் கடையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மானிட்டர், பாம்பன் பாலத்தைத் தாண்டி வந்த இரண்டாம் நாளே பழையபடி விழித்ததும் உண்டு.

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள் கழிந்ததும் இந்த முறையீடுகள் கூட்டமாக வரும். மீன் வியாபார அலுவலகங்கள் பல அந்நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. அதற்குள் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மணலோடு சன்னல் இடுக்கு வழியாக வீசத் தொடங்கியிருக்கும். இயங்காமல் குளிர்ந்து கிடக்கும் மானிட்டரில் ஈரம் நன்றாகத் தங்கும். மேற்குச் சன்னலைப் பார்த்த மேசை என்றால் கேட்கவே வேண்டாம்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை முதலில். தொடு பொத்தான்கள் உள்ள மானிட்டர் என்றால், அந்த விளிம்பை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஈரமும் கைப்பிசுக்கும் இல்லாமல் ஆக்குங்கள். அழுத்தும் பொத்தான் என்றால் ஒவ்வொன்றையும் இருபது முப்பது முறை அழுத்தி விடுங்கள். உட்புறத்தில் படிந்த மெல்லிய பொருக்கு உதிர்ந்து சில வாரங்களுக்கு நிம்மதி கிடைக்கும். பல மானிட்டர்களில் பொத்தான்களைப் பூட்டும் வசதி மெனுவிலேயே உண்டு; அதைப் பூட்டி வைத்தால் மெனு விரிவதாவது நிற்கும். பூட்டியதும் தொல்லை நின்றால், பிழை பொத்தான் பலகையில்தான் என்பதற்கு அதுவே சான்று.

பிறகு மெக்கானிக்கின் வேலை. மானிட்டரின் முன் சட்டம் சிறு கொக்கிகளால் பூட்டியிருக்கும். பழக்கமில்லாத கை நெம்பினால் கொக்கி முறியும், திரையின் ஓரம் கீறும். தங்கச்சிமடத்தில் நான் திறந்த ஒன்றில், பொத்தான் பலகைக்குப் போகும் பட்டைக் கேபிளின் முனையில் பச்சைக் களிம்பு நெல்மணி அளவுக்குத் திரண்டிருந்தது. பல் துலக்கும் பழைய பிரஷில் ஆல்கஹாலைத் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க, செம்புத் தடங்களில் இரண்டு அரிபட்டுப் பாதியாகியிருப்பது தெரிந்தது. மெல்லிய கம்பி ஒன்றை இழுத்துப் பற்றவைத்து, தேய்ந்த பவர் பொத்தானின் நாலு கால் ஸ்விட்சையும் மாற்றினேன். அந்த ஸ்விட்சின் விலை சில ரூபாய். செலவானது என் அரை நாள். இந்தப் பழுதுக்கு மெக்கானிக் கூலி கேட்டால் கொடுக்கலாம். முழு மானிட்டரையும் மாற்றச் சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

சரியான பின் மானிட்டரைச் சூடு ஆறும் முன்பே பிளாஸ்டிக் உறையால் மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே வேர்த்து நிற்கும். இரவில் மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்தினால் போதும்.

## அறிகுறி 5: மோட்டார் போடும்போது, கரண்ட் மாறும்போது ஒளிர்கிறது

பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது, தண்ணீர் மோட்டாரைப் போடும்போது, யுபிஎஸ் 'டக்' என்று மாறும்போது மட்டும் மானிட்டர் விழித்தால், ஸ்டேண்ட்பையில் இருக்கும்போது அதற்கு வரும் மின்சாரம் நொடி நேரம் அறுபடுகிறது. மானிட்டரின் பின்னால் பவர் கேபிள் முழுதும் உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். சிபியுவின் பவர் கேபிளும் பெரும்பாலும் அதே வகைதான். இரண்டையும் மாற்றிப் போட்டு, தொல்லை இடம் மாறுகிறதா என்று கவனியுங்கள். பிளக்கின் பித்தளைக் கால்கள் கறுத்திருந்தால், கழற்றிய நிலையில் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். சுவர் சாக்கெட்டுக்குள் கறுத்திருந்தால் நீங்கள் தொட வேண்டாம், எலக்ட்ரீஷியன் மாற்றட்டும்.

சிபியுவின் தகட்டில் கை பட்டால் சுள்ளென்கிறதா? அல்லது அதில் டெஸ்டர் வைத்தால் எரிகிறதா? அப்படியானால் மானிட்டரை மறந்துவிட்டு அன்றைக்கே எலக்ட்ரீஷியனை அழையுங்கள். நம் மணற்பாங்கான நிலத்தில் கோடையில் எர்த் குழி வறண்டு, எர்த் இருந்தும் இல்லாதது போலாகிவிடும். கரியும் உப்பும் இட்ட குழிக்குத் தண்ணீர் விடும் பழக்கத்தைப் பெரியவர்கள் வீணாக வைத்திருக்கவில்லை. எர்த் சரியில்லாத வீட்டில் மானிட்டரின் நடத்தையைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

## அறிகுறி 6: விளக்கு ஒழுங்காகச் சிமிட்டுகிறது, உள்ளே 'டிக் டிக்' என்கிறது

பவர் விளக்கு விட்டுவிட்டு எரிய, திரை ஒரு கணம் ஒளிர்ந்து அணைய, உள்ளே மெல்லிய டிக் ஒலி கேட்டால், பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கப்பாசிட்டர் ஒன்று வீங்கியிருக்கலாம். முதலில் ஒளிரப் பத்து நொடி, சில வாரங்கள் கழித்து ஒரு நிமிடம் என்று நேரம் நீண்டுகொண்டே போவதும் இதன் அடையாளம்.

இதை வீட்டில் திறக்கக் கூடாது. 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. அது நிறைந்த பெரிய கப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் ஆளைத் தூக்கிப் போடும் வலுவோடு இருக்கும். வெளியே தனி அடாப்டர் உள்ள மானிட்டர் என்றால் மட்டும், அதே வோல்ட்டும் குறையாத ஆம்பியரும் உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பார்க்கலாம். அதிலேயே பலருக்குத் தீர்ந்துவிடும்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, வீங்கியதோடு பக்கத்தில் உள்ளவற்றையும் 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகைக் கப்பாசிட்டர்களாக மாற்றச் சொல்லுங்கள். பவர் போர்டையே மாற்ற வேண்டும் என்றால் விலையைக் கேளுங்கள். புதிய மானிட்டர் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அல்லது திரையின் பின்வெளிச்சமும் மங்கியிருந்தால், நானாக இருந்தால் செலவு செய்ய மாட்டேன்.

எந்த அறிகுறிக்காகக் கடைக்குக் கொண்டுபோனாலும், எந்த நேரத்தில் விழிக்கிறது, படக் கேபிளைக் கழற்றியபோது என்ன ஆனது என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதி மானிட்டரின் பின்னால் ஒட்டிவிடுங்கள். உங்கள் பவர் கேபிளையும் படக் கேபிளையும் மறக்காமல் கூடவே கொடுங்கள். கடையின் நல்ல கேபிளில் போட்டுப் பார்த்தால், கேபிளில் இருக்கும் பிழை அங்கே தெரியவே தெரியாது.